பயிர் மேய்ந்த இரும்பு

வேலி பயிரை மேய்ந்தால் பஞ்சாயத்து உண்டு.
பயிர் வேலியை மேய்ந்தால்?

நான் ஆர்லிஸ் ஜாடென்.
அயோவாவில், கிரண்டி கவுண்டியில்,
மக்காச்சோளத்தைச் சாராயமாக்கும் ஆலையில்
எனக்கு இரவுப் பணி.
மணிக்கொரு குப்பி எடுத்து
ஈரம் எவ்வளவு என்று எழுதிவைப்பேன்.
அந்தச் சாராயம்தான் பெட்ரோலில்
பத்துக்கு ஒன்றாய்க் கலந்து
ஊரெல்லாம் ஓடுகிறது.

மீஸ்டர் பண்ணை ஏலத்தில்
ஐம்பத்தொன்றாம் வருடத்து ஸ்டூட்பேக்கரைத்
தொள்ளாயிரம் டாலருக்கு எடுத்தேன்.
எதிர்த்துக் கேட்க ஒரு கை உயரவில்லை.
அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் ஓடிற்று.
நான்காம் வாரம் தபால் நிலையத்தின் முன்
விக்கி, இருமி, நின்றேவிட்டது.

கார்புரேட்டரைத் திறந்தேன்.
இரும்பு என்றா சொன்னேன்? துத்தநாக வார்ப்பு.
உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
மிதவை, தக்கையில் செய்தது.
மேலே பூசிய அரக்கு காணவில்லை.
அரக்கு சாராயத்தில் கரையும்.
அன்று பூசியவனுக்கு
நான் இப்படியொரு வேலைக்குப் போவேன் என்று
யார் சொல்லியிருப்பார்கள்?
தக்கை குடித்துக் குடித்துக் கனத்து
மிதப்பதையே மறந்திருந்தது.
ரப்பரெல்லாம் உப்பியிருந்தது.
பம்பிலிருந்த தோல் கிண்ணம் மட்டும்
ஏதோ ஒரு மாட்டின் பிடிவாதத்தோடு
அப்படியே இருந்தது.

கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன்.
அன்னம் தேவைப்படவில்லை.
மேலே பெட்ரோல் தனியாக,
கீழே தண்ணீரைக் கட்டிக்கொண்டு
என் சாராயம்.

வெர்லின் ஹார்ம்ஸ் எட்டிப் பார்த்தார்.
ஏரிக்கரைப் படகுத்துறையில்
கலப்பில்லாத பெட்ரோல் கிடைக்குமாம்,
காலனுக்கு ஒரு டாலர் கூடுதலாம்.
"நான் வடிப்பதைக் குடிக்காத எஞ்சினுக்கு
என் கொட்டகையில் இடமில்லை" என்றேன்.
"பாதி வீம்பு, பாதி சம்பளம்" என்று சொல்லி
என் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பித்தளை மிதவை வாங்கி
வெந்நீரில் அமுக்கிப் பிடித்தேன்.
ஒரு குமிழி.
ஈயம் வைத்தேன். மறுபடி அமுக்கினேன்.
குமிழி இல்லை.
சாராயத்துக்கு அஞ்சாத வளையங்கள், புதிய குழாய்.

பிறகு ஜெட்.
சாராயம் கலந்தால் காற்று மிஞ்சிவிடும்,
எரிபொருள் கொஞ்சம் கூட வேண்டும்.
முடியளவுத் துளைக்கருவியை விரல்களில் உருட்டி
துளையை அகட்டினேன்,
ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்து
அதில் ஐந்து.
பேராசை. கரும்புகை.
பக்கத்து வீட்டுத் துணிக்கொடிவரை போய்
மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

அடுத்த ஜெட் வரப் பதினொரு நாள்.
இம்முறை இரண்டு மட்டும்.
எஞ்சின் தும்மவில்லை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன்:
பால் அதிகமான தேநீரின் நிறம்.
யாரிடமும் சொல்லவில்லை,
சொல்ல அங்கே யாருமில்லை,
காலை ஐந்தரை.

இன்று பணி முடிந்து அதிலேயே வீடு திரும்புகிறேன்.
ஆலையின் ஆவி பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே வர,
நாற்சந்தி நிறுத்தத்தில்
சூடேறி, உள்ளே கொதித்து, மறுபடி நின்றது.
கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே
தடித்த அட்டை ஒன்று வைக்க வேண்டும்.
அது சனிக்கிழமை வேலை.
இப்போதைக்கு மூடியைத் தூக்கிவைத்து
ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சாலையின் இருபுறமும் மக்காச்சோளம்,
இடுப்புயரம், நல்ல பச்சை,
நீ கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும்
உன் தொட்டிக்கு நான் வருகிறேன்
என்பதுபோல் நிற்கிறது.