ஏழாவது ரேக்

கனகபுரத்தில குறும்படம் எடுக்கிறாங்கள்.
விவாகரத்தான தகப்பன் வேசம் எனக்கு.
"நடிக்கவே தேவையில்லை அண்ணை"
எண்டான் டிரெக்டர்ப் பொடியன்,
தீர்ப்பை வாசிச்சவன் மாதிரி.

கேக் பெட்டியோட படலையைத் தள்ளவேணும்.
மகளிட்ட மன்னிப்புக் கேக்கவேணும். அவ்வளவுதான்.

முதல் ரேக்கில படலை கழண்டு
கையோட வந்திட்டுது.
நாலாவதில நாய் சாரத்தை இழுத்துது.
அது கதையில இல்லை.

ஏழாவதிலதான் கண்டன்
வேடிக்கை பார்த்த சனத்துக்குள்ள வதனியை.
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
கிளிநொச்சிக் கோட்டுக்குப் பிறகு
ஆறு வரியம்.

"பிள்ளை, அப்பாவை..."
மிச்ச வசனம் வரேல்லை.
"கட்! அருமை!" எண்டான் பொடியன்.

பெட்டிக்குள்ள செங்கல்,
பாரத்துக்கு வைச்சது.
சொல்லமுன்னம் வாங்கிப்போட்டாள்.

"பாரமாக் கிடக்கு" எண்டாள்.
"அவளுக்கு ரியூசன் முடிய ஆறாகும்."