தவோகினி

உப்புவெளியில் மூன்று அறை, ஒரு மாமரம்,
வாசலில் என் பெயரோடு ஓர் ஆங்கிலப் பலகை.
இதுதான் என் ஹோட்டல்.
கார்த்திகை மழைக்கு மூன்று அறையும் காலி.
தண்ணீர் மோட்டார் எரிந்து எட்டு நாள்.
வாளி வாளியாய் அள்ளி
இடது தோள் கழன்றுவிடும் போலிருந்த இரவில்
போன் ஒருமுறை முனகியது.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.
உங்களுக்கு வந்த நாற்பத்தெட்டாயிரம் ரூபா
நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.
இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள்
கீழுள்ள பட்டனை அழுத்தி
உங்களை உறுதிப்படுத்துங்கள்.

நாற்பத்தெட்டாயிரம்!
மோட்டாருக்கு முப்பத்தொன்று,
மிச்சத்தில் குசினிக்கு நாலு தகரம்.
பெருவிரல் அதற்குள் கணக்கை முடித்துவிட்டது.
கம்பனியின் அதே நீலம், அதே சின்னம்,
அடியில் பொடி எழுத்தில் சட்டதிட்டம்,
எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

படகுக்கார இஸ்ஸதீன் கணவாய்க்குப் போடுகிற
பிளாஸ்டிக் இறால் ஒன்று
முள் வெட்டிய பிறகு என் சாவிக்கொத்தில் கிடக்கிறது.
கண் உண்டு, மீசை உண்டு, வயிற்றில் மினுக்கம் உண்டு.
இறாலைவிட இறால் அது.

மெயிலின் முதல் வரிக்குத் திரும்பிப் போனேன்.
'அன்புள்ள தவயோகினி' என்று இருந்தது.

தவயோகினி.
ஓர் எழுத்துப் பிசகாமல்.

கணக்குத் திறந்த நாளில்
கரண்ட் இல்லை, போனில் நாலு வீதம் சார்ஜ்,
தட்டிய அவசரத்தில் நடுவே ஒரு 'ய' விழுந்து
தவோகினி ஆனேன்.
திருத்தக் கேட்டேன்.
அடையாள அட்டை கேட்டார்கள்,
சத்தியக் கடதாசி கேட்டார்கள்,
பிறகு பதிலே இல்லை.
ஏழு வருடமாக ஒவ்வொரு ரசீதும்
'வணக்கம் தவோகினி' என்றுதான் வருகிறது.
அம்மா வைத்த பெயர் கம்பனிக்குத் தெரியாது.
இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அனுப்பியவனின் பெயரைத் தொட்டேன்.
பின்னால் ஒளிந்திருந்த முகவரி நீண்டது.
கம்பனியின் பெயரில் 'எல்' நிற்கும் இடத்தில்
ஒன்று என்ற இலக்கம் நின்றது,
சீருடை இரவல் வாங்கிய காவல்காரன் போல
விறைப்பாக.

மெயிலை அப்படியே விட்டு
முகவரியை என் கையாலே தட்டி உள்ளே போனேன்.
வணக்கம் தவோகினி.
மீதி ஆறாயிரத்து இருநூறு.
முடக்கம் இல்லை.
நாற்பத்தெட்டாயிரமும் இல்லை.
வராத காசில் கூரை வேய்ந்த என்னை நினைத்துச் சிரித்தேன்.
சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட்டது.

இஸ்ஸதீனுக்கு எடுத்தேன்.
"எனக்கும் வந்திச்சி தங்கச்சி."
"அமத்தினியா?"
வள்ளத்துத் தறப்பாள் காற்றில் அடிபடுவது மட்டும் கேட்டது.
"ஆறு இலக்கம் கேட்டான். குடுத்திட்டன்."

கார்டின் முதுகில் உள்ள நம்பருக்கு எடு,
மெயிலில் இருக்கிற நம்பர் வேண்டாம் என்றேன்.
இருபது நிமிடம் வங்கி அவனுக்கு வயலின் வாசித்தது.
புது என்ஜினுக்குச் சேர்த்ததில் பாதி போயிருந்தது.

அவனுக்கு வந்ததில் பெயரே இல்லை.
'மதிப்புக்குரிய வாடிக்கையாளர் அவர்களே.'
"மரியாதையாத்தானே கூப்பிட்டான்" என்றான்,
இரண்டு முறை.

விடிய டவுனுக்கு பஸ் எடுத்தோம்.
ரோட்டோரம் ஒரு புள்ளிமான்
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது,
உள்ளே சோறு இருந்ததா இல்லையா என்ற கவலையில்லாமல்.
பொலிஸில் முறைப்பாட்டுப் புத்தகம் திறந்தது.
சாட்சியாக என் பெயரையும் கேட்டார்,
சிங்களத்தில் எழுதினார்.
எட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
நடுவே ஓர் எழுத்தைக் காணவில்லை.

திருத்தச் சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
பயமில்லை,
இவர் உண்மையான பொலிஸ்தான்.