அரை இஞ்சி வாசர்

ஒப்புக்கொள்கிறேன்.
பதினோராம் லயத்துக் குழாய்
ஆவணி தொடக்கம் ஒழுகியதற்குக்
காரணம் குழாய் அல்ல.
நான்.

அதற்கு முந்திய வாரம்
ஹட்டனில் ஒரு கல்யாண வீடு.
மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது முறையும்
அதே பாட்டைக் கேட்டார்கள்.
பிரபாலினி குரலை உயர்த்திய இடத்தில்
என் இடது தோள் திடீரென்று லேசாயிற்று.
பட்டியின் காது பொத்தானை விட்டு நழுவ
கிட்டாரின் அடிப்பாகம் தரையை நோக்கிப் போனது.
முழங்காலால் தடுத்தேன்.
சேலைக்குள் முழங்கால் இருப்பது
அன்றுதான் அந்த மண்டபத்துக்குத் தெரிந்தது.
கிங்ஸ்லி தாளத்தை விடவில்லை,
சிரித்துக்கொண்டே அடித்தான்.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிட்டார் இன்னும் எனக்குச் சொந்தமில்லை.
பதினெட்டுத் தவணையில் ஏழு கட்டியிருக்கிறேன்.
மிச்சம் பதினொன்றும்
அந்த ஒரு பொத்தானில்தான் தொங்குகின்றன.

பட்டியின் துளை வாய் பிளந்திருந்தது.
நூலால் தைத்தேன், பிய்ந்தது.
சப்பாத்துக் கயிற்றால் கட்டினேன்,
மேல் முனைக்கு அது போதும்,
கீழே அவிழ்ந்தது.
பொத்தானின் திருகாணியும் ஆட்டம் கண்டிருந்தது.
மிலாறு ஒன்றைப் பிளேட்டால் சீவி
பசை தடவி ஓட்டைக்குள் அடித்தேன்.
நூற்றைம்பது வருடம் இந்த மலையையே
பிடித்து வைத்திருக்கிற கட்டை,
ஒரு திருகாணியைப் பிடிக்காதா?
பிடித்தது.
இனி, போட்ட பட்டி கழறாமலிருக்க
அதற்கு மேலே ஒரு காவல் வேண்டும்.
கறுப்பாய், வட்டமாய், நடுவில் துளையோடு.
இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தபடி
முகம் கழுவப் போனேன்.

இரவு ஒன்பதுக்கு மேல்
டாங்கி வால்வை மூடினேன்.
குறடு தம்பியுடையது.
தவமலர் அக்காவின் நாய் ஒரு தடவை குரைத்து
ஆளைத் தெரிந்ததும் வெட்கப்பட்டது.
வாசர் வந்தது, இரண்டு ரூபாய்க் குத்தி அளவில்.
அதன் இடத்தில்
பாட்டா செருப்பின் குதியில் வெட்டிய துண்டை வைத்தேன்.
அதுவும் ரப்பர்தான்.
ஆனால் வாசர் அல்ல.

எச்சில் தொட்டு
பட்டிக்கு மேலாகப் பொத்தானில் அழுத்தினேன்.
டப்பென்று உட்கார்ந்தது.
குலுக்கினேன், குதித்தேன்,
கிட்டாரை மாட்டிக்கொண்டே குனிந்து
வாளி தூக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.

கடையில் அறுபது ரூபாய்தானே என்பீர்கள்.
கடை தலவாக்கலையில்.
மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு,
மாலையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் வாசிக்க வேண்டும்.
திங்கட்கிழமை வாங்கலாம் என்றுதான் இருந்தேன்.
திங்கட்கிழமை
குழாய் பேச்சாகிவிட்டது.

ஒரு வாரத்தில் வழக்காயிற்று.
தொரைக்குக் கடிதம் எழுதுவோம் என்றார் தலைவர்.
எழுதுவதோடு எழுதுவோம் என்று
கூரைத் தகரம்,
கக்கூஸ் கதவு,
மூன்றாம் வளைவில் சரிந்த பாதை,
பிள்ளை மடுவத்தின் உடைந்த தொட்டில்
எல்லாம் சேர்ந்து
குழாய் பன்னிரண்டாவதாக வந்தது.
என் கையெழுத்து அழகென்று
என்னிடமே எழுதத் தந்தார்கள்.
எழுதினேன்.
பன்னிரண்டாவதை மட்டும்
கொஞ்சம் சின்ன எழுத்தில்.

ஐப்பசியில் வந்தார்கள்.
இரண்டு பேர், ஒரு குறடு, ஒரு கமரா.
செருப்புத் துண்டை எடுத்து
ஒருவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
நான் துணி அலசிக்கொண்டிருந்தேன்,
அலசிய துணியையே மறுபடியும்.
புது வாசர் போட்டார்கள்.
தவமலர் அக்காவைக் குழாயருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
கோரிக்கைகள் நிறைவேற்றப்பட்டன என்று
பதில் வந்தது.
கோரிக்கைகள்.
பன்மையில்.

நேற்று மழை.
ஒழுகும் இடத்தில் வாளி,
ஒழுகாத சுவரில் ஆணி,
ஆணியில் பட்டி,
பட்டியில் கிட்டார்.
கீழ்ப் பொத்தான் கல் மாதிரி இருக்கிறது.
மேல் பொத்தானில்தான்
சப்பாத்துக் கயிறு இற்றுக்கொண்டு வருகிறது.
அதற்கும் ஒன்று வேண்டும்,
கறுப்பாய், வட்டமாய், நடுவில் துளையோடு.

படுத்தபடி மேலே பார்க்கிறேன்.
கூரைத் தகரத்தில் ஆணி இறங்கிய இடமெல்லாம்
ஆணித் தலைக்கு அடியில்
ஒவ்வொன்று இருக்கும்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.