பதினைந்தாம் தேதி

இன்று காலை அல்விதாஸ் வந்தார்,
சந்தைக்குப் பின்னால் சாவி வெட்டுகிறவர்.
கையில் அபராத நோட்டீஸ், மடிப்பில் எண்ணெய்க் கறை.
முகத்தில் கோபமில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கள் கட்டுரையைப் படித்தேன்" என்றார்.
"ஆறு வரி. அதற்குள் ஒரு பெண் ஓடி வந்தாள்,
அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு
சாவியை உள்ளேயே விட்டுக் கதவை இழுத்துவிட்டவள்.
போய்த் திறந்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து.
ராத்திரி இன்னொரு தடவை.
மூடுபனியைத் தாண்ட முடியவில்லை.
மூடுபனி எனக்குத் தெரியும், ரிமன்தே.
என் கடைக்கும் ஜன்னல் இருக்கிறது."

நேமுனஸ் ஆற்றின் மூடுபனி.
அக்டோபர் கட்டுரையை அதில்தான் தொடங்கியிருந்தேன்.
பனி விலகக் கரை தெரிவதுபோல
செலவு விலக வருமானம் தெரியும் என்று.
எழுதியபோது இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்,
அவ்வளவு பிடித்திருந்தது.

வரி கட்ட வேண்டிய தேதி
ஏழாவது பத்தியில் இருந்தது,
இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே
யாரோ மறந்து வைத்த குடைபோல.

"கனமாக எழுது" என்பார் எங்கள் முதலாளி விதேனிஸ்.
"கணக்காளர்களுக்குக் கனம் வேண்டும்."
நான்கு மாதங்களாகக் கனமாகத்தான் எழுதினேன்,
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன்.
சிறுதொழில் செய்பவர்களுக்கு என்று
தலைப்புக்குக் கீழே சாய்வெழுத்தில் போட்டேன்.
அப்படி ஒருவர் இந்தக் கவுனாஸ் நகரில்
எங்கே நிற்பார், எங்கே உட்காருவார்,
ஒருநாளும் யோசித்ததில்லை.

மதியம் அவர் கடைக்குப் போய் ஓரமாக நின்றேன்.
இயந்திரம் பித்தளையைக் கடித்துத் துப்பியது.
வார்னிஷ் டப்பாவில் சாய்ந்திருந்தது போன்.
விரல் நுனியெல்லாம் உலோகத் தூள் என்பதால்
மடக்கிய முட்டியால் திரையைத் தள்ளினார்.
முட்டிக்கு அவசரம் அதிகம்.
எட்டுச் சாவிகளுக்கு இடையே
மொத்தம் ஒன்றரை நிமிடம் படித்தார்,
அதில் பாதி வானிலை.

எதிரே ரொட்டிக்கடை தங்குவோலே
அடுப்பு சூடேறும் விடிகாலை நாலு மணிக்குத்தான் படிப்பாளாம்.
"ஒரு கண்ணால்" என்றாள். "மற்றது இன்னும் தூக்கத்தில்."
மாடியில் தையல் வேலை செய்யும் யாட்விகா
மடியில் குழந்தை தூங்க, வெளிச்சத்தைக் குறைத்து வைத்து.
அவளிடம் கேட்டேன்: எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?
"எனக்குச் சம்பந்தமில்லை என்று தெரிகிற இடத்தில்."
"எப்போது தெரியும்?"
"சீக்கிரமே."

இரவு, அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு
பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம் வரைந்தேன்.
வழக்கமாக அதில் தலைப்புகள் எழுதுவேன்.
இந்த முறை:

ஜனவரி. அல்விதாஸ். நிற்கிறார். இரண்டு கையும் வேலையில்.
பிப்ரவரி. தங்குவோலே. நாலு மணி. ஒரு கண்.
மார்ச். யாட்விகா. மங்கல் வெளிச்சம். எழுத்து பெரிதாக.
ஏப்ரல். தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு பழைய கட்டுரையைத் திறந்து
அந்தக் குடையை எடுத்து வாசலில் வைத்தேன்:
பதினைந்தாம் தேதிக்குள் கட்டுங்கள்.
ஒருநாள் தாண்டினாலும் அபராதம்.
எப்படிக் கட்டுவது, கீழே, மூன்று வரியில்.

மறுநாள் விதேனிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது கட்டுரையா, தந்தியா?"
பதில் இருந்தது என்னிடம்.
நீளமாக இருந்ததால் சொல்லவில்லை.

அல்விதாஸ் அபராதத்தைக் கட்டிவிட்டார்.
என் சைக்கிள் பூட்டுக்கு மாற்றுச் சாவி கேட்டபோது
முழு விலையும் வாங்கிக்கொண்டார்.
அது நியாயம்தான்.

மூடுபனியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.
தனிக் கோப்பில் கிடக்கிறது.
யாருக்கு என்ற கட்டம்
இன்னும் காலியாக.