எண்பது பக்கக் கொப்பி

முகத்துவாரத்தில் ஆறு கடலுக்குள் போகுமிடத்தில்
வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பதினொரு பேர்.
கணக்கு எழுதுவது என் வேலை.
கையெழுத்து வடிவென்று இல்லை,
குனிய முடியாது,
முதுகில் ஒரு தட்டு விலகியிருக்கிறது.

எண்பது பக்கக் கொப்பி.
போத்தல் மூடி ஆயிரத்து நூற்றிரண்டு.
யோகட் கோப்பை நானூற்று ஏழு.
செருப்பு: இடது அறுபது, வலது பத்தொன்பது.
வலது கால்களைக் கடல் என்ன செய்கிறதாம்
என்று கேட்டாள் மஸீதா.
அதற்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன்,
தெரிந்தால் நிரப்பலாம்.

கப்பல் எரிந்த வருடம்
இதே மணலில் அரிதட்டோடு குந்தியிருந்தோம்.
சவ்வரிசி போல வெள்ளை மணி,
அரிக்க அரிக்க மணி.
கூலி தந்தார்கள், கையுறை தந்தார்கள்,
பிறகு இரண்டும் நின்றன.
மணி நிற்கவில்லை.
சோளகம் புரட்டிவிட்டால் இன்றைக்கும்
மணல் ஒன்றிரண்டு பல்லைக் காட்டும்.
ஆனால் அப்போது
கை நீட்டிக் காட்ட ஒரு திசை இருந்தது,
திசையில் புகை இருந்தது,
திட்டுவதற்குச் சுகமாக இருந்தது.

மார்கழி, இரண்டாம் வெள்ளி.
குவியலுக்குள்ளிருந்து கிறிசாந்தி எதையோ உருவி
"மேக பலன்ன, அக்கே" என்று நீட்டினாள்.
பெரியாஸ்பத்திரி மருந்து உறை.
நனைந்தும் அழியாத நீல மையில்
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
மேலே
செ. பெர்னதெத்.
நான்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

எங்கள் குசினி யன்னலுக்குக் கீழே கான்.
கான் வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஆற்றுக்கு,
ஆறு இங்கே.
கையை வெளியே நீட்டினால் போதும், ஒரு சத்தமும் கேட்காது.
முனிசிபல் லொறி எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது.
சந்தியில் ஐந்து நிமிடம் நின்று ஹோர்ன் அடிக்கும்,
அந்த நேரம் நான் மீன் சந்தையில்.
இதெல்லாம் உண்மை.
இதை எழுத நிரல் இல்லை.
"மருந்து உறை, ஒன்று" என்று எழுதி
பக்கத்தில் பெயரையும் எழுதினேன்.

வாய்க்கால் வாயில் வலை கட்டலாம் என்றது மஸீதா.
கஸ்பார் எழும்பிப் போனான்.
மீன் ஏறிய வலையில் மலம் ஏறுவதா,
பிறகு அந்த வலைக்குக் கடலில் என்ன முகம்?
மூன்றாம் நாள் அவனுடைய என்ஜின் விசிறியில்
சொப்பிங் பேக் சுற்றி
இரண்டு மணித்தியாலம் அலையில் ஆடிவிட்டு வந்தான்.
அடுத்த நாள் காலை, தோளில் பழைய வலை.
ஒரு வார்த்தை இல்லை.
நாங்களும் கேட்கவில்லை.

முதல் மழையிலேயே வலை அடைத்தது,
மேல் வாடிகளுக்குள் தண்ணீர் ஏறியது,
ஒரு பெண் எங்களுக்குத் தூஷணத்தில் நன்றி சொன்னாள்.
அன்றிலிருந்து முறை வைத்தோம்.
வீட்டுக்கு ஒரு விடியல்,
அள்ளுகிற வீடே சந்திவரை சாக்கைத் தூக்கவேண்டும்.
தூஷணம் சொன்னவளுக்குச் செவ்வாய்க்கிழமை.
தவறாமல் வருகிறாள், தவறாமல் ஏசுகிறாள்.

இன்று என் முறை.
குனிய முடியாதவளுக்கு நீட்டுக் கொக்கி
கஸ்பார் செய்து தந்தது.
இருட்டு விலகும்போது வலைக்குள் ஒரு கபரக்கொய்யா,
கழுத்தும் ஒரு முன்காலும் மாட்டி
மூச்சை ஊதிக்கொண்டு.
சாந்தமாய் இரு பிள்ளை என்றேன்.
வாலால் அடித்தது.
கொக்கியை விட்டேன், கத்தியை எடுத்தேன், குனிந்தேன்.
முதுகு ஏதோ சொன்னது, பிறகு கேட்கிறேன் என்றேன்.
கண்ணி கண்ணியாய் அறுக்க அரை மணித்தியாலம்.

அது போனது, திரும்பிப் பார்க்காமல்.
அது போன ஓட்டையால்
இரவு முழுக்கப் பிடித்ததெல்லாம் வரிசையாகப் போனது:
போத்தல், கோப்பை, ஒரு பொம்மைத் தலை,
வலது கால் செருப்பொன்று.
கையை நீட்டினேன், எட்டவில்லை.

ஈரக் கையோடு கொப்பியைத் திறந்து
ஓட்டை, ஒன்று
என்று எழுதினேன்.
ஊசியும் நூலும் கஸ்பாரிடம்.
அவன் இன்னும் கடலில்.