இரண்டு கிராம்

மறுப்புக் கடிதம்
நம் கையெழுத்திலேயே வரும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திருப்பி அனுப்ப ஓர் உறையும் வைக்க வேண்டும்,
சாந்தியாகோ பத்திரிகையின் விதி.
வைத்தேன்.
நெவென்கா மர்துலிச், குரோவாசியா தெரு, புந்தா அரேனாஸ்
என்று நானே எழுதி
நானே நாக்கால் நனைத்துத் தலை ஒட்டி.

ஏழு வாரம் கழித்து
விடிகாலைப் பையை மேசையில் கவிழ்த்தபோது
மின்கட்டண ரசீதுகளுக்கும்
கம்பளி வியாபாரிகளின் விலைப்பட்டியலுக்கும் நடுவே
என் பெயரின் முதலெழுத்து
காற்றில் நிற்பவள் மாதிரிச் சாய்ந்து.

பதினாறு வருடமாய்த் தபால் பிரிக்கிறவள்.
கையில் எடுத்தாலே தெரியும்
எது கல்யாணம், எது கடன்.
இதுவும் தெரிந்தது.
ஆனாலும் தராசில் வைத்தேன்.

பதினொரு தாள், ஐம்பத்தைந்து.
உறை ஏழு.
அறுபத்திரண்டுதானே இருக்க வேண்டும்?
முள் அறுபத்து நான்கில் நின்றது.

இரண்டு கிராம்.
எவனோ உள்ளே எதையோ வைத்திருக்கிறான்.

பணி நேரத்தில் சொந்தத் தபாலைப் பிரிக்கக் கூடாது.
அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.
மதியம் இரண்டு மணி வரை
அந்த இரண்டு கிராமைச் சுமந்தேன்.
காசோலையோ.
'உங்களை நேரில் பார்க்க வேண்டும்' என்றோ.
போர்வெனிருக்குப் போக வேண்டிய ஏழு கடிதத்தை
நத்தாலெஸ் பையில் போட்டேன்.
பாவுதிலியோ ஒன்றும் கேட்காமல்
எடுத்து மாற்றிப் போட்டான்.

பிரித்தது கழிப்பறையில்.
உள்ளங்கை அகலச் சீட்டு. அச்சடித்தது:
தங்கள் படைப்பு எங்கள் தற்போதைய தேவைகளுக்கு
என்று தொடங்கி, எல்லாருக்கும் போகிற அதே வாக்கியம்.
அதன் கீழே பென்சிலில், அவசரமாய்:
'கதை நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.'
கையொப்பம்கூட இல்லை.

அன்று தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள்.
காற்று நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
கயிற்றைப் பிடித்து வரிசையாய் நகர்ந்தோம்.
எனக்குப் பின்னால் பல் மருத்துவர்,
தொப்பி பறந்துபோயும் சிரித்துக்கொண்டே வந்தார்.
நான் ஆசிரியரைத் திட்டிக்கொண்டே வந்தேன், உரக்க.
யார் காதிலும் விழாது.
எங்கள் ஊரில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

நான்காம் பக்கமாம்!
முதல் மூன்றை எழுத
ஒரு குளிர்காலமே போனது, தெரியுமா உனக்கு?
உன் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா?
கயிற்றைப் பிடித்து ரொட்டி வாங்கப் போயிருக்கிறாயா?

இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை.
உருளைக்கிழங்கைத் தோலோடு சதையும் போகச் சீவினேன்.
எழுதுவதை விட்டுவிட்டேன் என்று
அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.
'எழுதினாயா என்ன?' என்றாள்.

மூன்றாம் இரவு
அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான்
நான்காம் பக்கத்தை எடுத்தேன்.
ஈர பூட்ஸோடு ஒருத்தி உள்ளே வந்து
பணத்தை எண்ணிக் கேட்கிறாள்.
அட.

அதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தேன்?
காற்று.
கதவைத் திறந்தால் கிடைப்பதை
மூன்று பக்கத்துக்கு ஊதியிருந்தேன்.

முழுசாய் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம்.
இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி,
பூட்டிய வீட்டின் கதவைத் தட்டும் நாயைப் பற்றி.
அதை மட்டும் விடவில்லை.
ஆறாம் பக்கத்தில் ஒளித்து வைத்தேன்.

சீட்டு பணப்பையில் இருக்கிறது.
கிழிக்க இரண்டு முறை எடுத்தேன்.

இந்த முறை வல்பரைசோவில் ஒரு பத்திரிகை.
திரும்பி வரும் உறையில் என் பெயரை எழுதும்போது
கை கொஞ்சம் நின்றது.
எழுதினேன்.

தராசில் வைத்த பாவுதிலியோ
முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'போன தடவைக்கு இளைச்சிருக்கே.'
ஆமாம் என்றேன்.
முத்திரையை நானே குத்தினேன்,
தேவைக்கு மேல் ஓங்கி.
பக்கத்து மேசையில் பசைக் குப்பி
கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.