நூற்று நாற்பது இருக்கைகள்

அரவேனு பஸ் நிறுத்தத்துக்கு மேலே
தகரக் கூரை வீட்டில் இருந்துகொண்டு
விமானத்தில் ஓடும் படங்களுக்குக்
கதைச்சுருக்கம் எழுதுகிறேன்.
படம் ஒன்றுக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
விமானத்தில் ஏறியதில்லை.
ஏறியிருக்க வேண்டும் என்று
ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

முன் இருக்கையின் முதுகில் ஒரு திரை,
திரையில் போஸ்டர்,
போஸ்டருக்குக் கீழே நான்,
நூற்று நாற்பது எழுத்துக்கு மிகாமல்.

எழுத்து என்று அவர்கள் சொல்வது வேறு.
அம்மா நமக்கு மூன்று,
அவர்கள் கணினிக்கு ஐந்து.
புள்ளிக்குத் தனி டிக்கெட்.
துணைக்காலுக்கும் தனி டிக்கெட்.
கைக்குழந்தைக்கு முழுக்காசு கொடுத்துத்தான்
ஒவ்வொரு மெய்யெழுத்தும்
கால் நீட்ட இடமில்லாத வகுப்பில்
உட்கார்ந்திருக்கிறது.
'கண்ணீர்' ஏழு எழுத்து, கட்டுப்படியாகாது.
'அழுகை' ஐந்தில் முடிந்துவிடும்.
என் படங்களில் எல்லோரும் அழுகிறார்கள்,
ஒருவருக்கும் கண்ணீர் வருவதில்லை.

அப்புறம் தடைப்பட்டியல்.
விபத்து கூடாது, தீ கூடாது, புயல் கூடாது.
'அவள் காதலில் விழுகிறாள்' என்று எழுதினேன்.
திரும்பி வந்தது.
ஆகாயத்தில் யாரும் எதிலும் விழக்கூடாது.
விழுப்புரத்தில் நடக்கும் ஒரு குடும்பக் கதையும்
அதே நாளில் திரும்பி வந்தது.
சென்னைக்குப் போன் செய்தேன்.
"அது ஊர், தாட்சாயணி மேடம்."
"எனக்குத் தெரியும்மா, மெஷினுக்குத் தெரியாதே.
பக்கத்து ஊர் ஏதாவது போடேன்."
திண்டிவனம் என்று போட்டேன்.
ஒரே ராத்திரியில்
சட்டி பானையோடு குடிபெயர்ந்தார்கள்.

நவம்பரில்
மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்த அன்று
(சரிவும் பட்டியலில் உண்டு)
கரண்ட் இல்லை. லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
கடைசிப் படம், பாதிதான் பார்த்திருந்தேன்.
'மலையூர்ப் பெண் ஒருத்தி வேலை தேடிக் கீழே இறங்குகிறாள். பிறகு'
என்பதுவரை அடித்திருந்தேன்.
அனுப்பும் பொத்தானில் விரல் பட்டதா,
நானே தொட்டேனா,
இன்றுவரை தெளிவில்லை.
இறங்குவதற்கு மட்டும் தடையே கிடையாது.

கீழ்வீட்டு பிரிசில்லா டப்ளினில் நர்ஸ்.
கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பிப் போனவள்
வழியில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பினாள்,
ஆடிப்போன போட்டோ.
'உன் வேலை இதுதானாடி?'
திரையில் என் தமிழ்.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
வட்டமாய்ப் பிரிந்து நிற்கும் புள்ளிகள்,
பெட்டி வரக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.
(இது அவள் சொன்னது. எனக்கு எப்படித் தெரியும்?)

இயர்போன் சொருகும் ஓட்டை கெட்டிருந்ததாம்.
பணிப்பெண்ணைக் கூப்பிடக் கூச்சமாம்.
பக்கத்து சீட்டுக்காரர் தலை
ரெண்டு மணி நேரமாய் இவள் தோளில்.
படம் எதையும் பார்க்காமல்
சுருக்கங்களை மட்டும் வாசித்திருக்கிறாள்,
ஒன்றுவிடாமல்,
வரைபடத்தில் கேஸ்பியன் கடல் வரும்வரை.

"எது பிடிச்சுது?"
"அந்த 'பிறகு'.
அதோட நின்னுடுச்சு பாரு.
அதுக்கப்புறம் எதையும் வாசிக்கத் தோணல.
ஜன்னல் மூடியத் தூக்கிப் பாத்தேன்.
கீழ ஏதோ ஊரு,
நாலஞ்சு லைட்டு."

இப்போது மணி பதினொன்று.
காட்டெருமை மூன்று கேட்டைத் தாண்டி வந்து
என் பீன்ஸ் பாத்தியை முடித்துக்கொண்டிருக்கின்றன.
மூடுபனிக்கு மேலே ஏதோ ஒரு விமானம்,
படமே இல்லாமல் சத்தம் மட்டும்.
புதிய பட்டியலில் நாற்பத்தொரு தலைப்பு.
அதற்கும் மேலே தாட்சாயணியின் குறிப்பு:
அந்த 'பிறகு'வை முடித்துத் தர வேண்டும்,
கூலி கிடையாது,
இன்னும் எண்பத்தோரு எழுத்துக்கு
இடம் காலியாக இருக்கிறது.

பதில் எழுதவில்லை.
காலியாகவே பறக்கட்டும்,
யாராவது கால் நீட்டிக்கொள்வார்கள்.